அமீர்பேட்டை வழியாக பம்பாய்

இந்தியக் குற்றத் திரைப்படங்களைப் பற்றி எழுதுவோர் ராம் கோபால் வர்மாவின் பெயரைப் பெரும்பாலும் பம்பாயோடு சேர்த்தே சொல்கின்றனர். 1998இல் வெளிவந்த ‘சத்யா’, 2002இல் வெளிவந்த ‘கம்பெனி’ ஆகிய இந்திப் படங்கள் அந்நகரத்தின் நிழல் உலகத்தை, அதாவது கூலிக்கொலையையும் கடத்தலையும் மிரட்டிப் பணம் பறிப்பதையும் தொழிலாகக் கொண்ட கும்பல்களின் உலகத்தை, அதுவரை எவரும் காட்டாத நெருக்கத்தில் காட்டியதே அதற்குக் காரணம். ஆனால் அந்தப் படங்களை எடுத்தவரின் கண்ணும் காதும் பழகிய இடங்கள் தெலுங்கு மண்ணில் இருக்கின்றன என்பதும், அவற்றுள் பெரும்பாலானவை ஐதராபாத்தில் ஒரு பகல் பொழுதுக்குள் சென்று பார்த்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன என்பதும் தமிழ் வாசகர்களிடையே போதிய அளவு பேசப்படவில்லை. சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குச் செல்லும் பயணி அந்த இடங்களை வரிசையாகப் பார்த்துவந்தால், வர்மாவின் திரைவாழ்வில் எது உறுதியாக நின்றது, எது சரிந்தது, ஏன் சரிந்தது என்பது நூல்களைவிடத் தெளிவாகப் புலப்படும்.

அந்தப் பயணத்தின் முதல் நிறுத்தம் ஐதராபாத்துக்கு முன்பே, இரவில் வந்துவிடுகிறது. மாலையில் சென்னையை விட்டுப் புறப்படும் சார்மினார் எக்ஸ்பிரஸ், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் கிருஷ்ணா நதியின் நீண்ட பாலத்தைக் கடந்து விஜயவாடா சந்திப்பில் நிற்கிறது; பயணிகளில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த நிலையம், வர்மாவின் படங்களை அறிந்தவருக்கு விழித்திருந்து பார்க்க வேண்டிய இடம். இந்நகரத்தின் வி.ஆர்.சித்தார்த்தா பொறியியல் கல்லூரியில்தான் அவர் கட்டடப் பொறியியல் பயின்றார். அவர் பயின்ற காலத்து விஜயவாடாவில், கல்லூரி மாணவர் சங்கங்கள் பெயருக்கு மாணவர் சங்கங்களாக இருந்தாலும், நகரத்தின் தொழிற்சங்கங்களையும் அரசியலையும் கைக்குள் வைத்திருந்த இரண்டு பெரும் குழுக்களின் கிளைகளாகவே இயங்கின. வங்கவீட்டி குடும்பம் ஒரு பக்கமும் தேவினேனி குடும்பம் மறுபக்கமும் நின்ற அந்தப் பகை சாதிப் பிளவோடும் கலந்து பல உயிர்களைக் குடித்தது. சட்டமன்ற உறுப்பினராக இருந்த வங்கவீட்டி மோகன ரங்கா 1988 டிசம்பர் 26 அன்று உண்ணாவிரதப் பந்தலில் இருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டதும், கலவரம் வெடித்து நகரம் தீப்பற்றி எரிந்தது. அதற்குப் பத்து மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1989 அக்டோபர் 5 அன்று, வர்மாவின் முதல் படமான ‘சிவா’ வெளிவந்தது.

ஒரு கல்லூரி, அதில் சேரும் அமைதியான இளைஞன், அவனைச் சீண்டும் மாணவ ரவுடி, அந்த ரவுடியை இயக்கும் நகரத் தாதா, அந்தத் தாதாவை வளர்த்துப் பயன்படுத்திக்கொள்ளும் அரசியல்வாதி என்று படிப்படியாக மேலேறும் கதை அது. புரூஸ் லீயின் படமொன்றில் உணவு விடுதி இருந்த இடத்தில் தாம் கல்லூரியை வைத்ததாக வர்மாவே பின்னாளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். கதையின் எலும்புக்கூடு ஹாங்காங்கிலிருந்து வந்தது உண்மைதான் என்றாலும், அதன் மீது போர்த்திய சதையும் தோலும் விஜயவாடாவைச் சேர்ந்தவை. ஒரு மாணவனின் கைகலப்புக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், யாருடைய பணம் எந்த வழியாக யாருக்குப் போய்ச்சேர்கிறது என்ற அடுக்கு முறையை அத்தனை தெளிவாகக் கட்டிக் காட்டிய தெலுங்குப் படம் அதற்கு முன் இல்லை. வண்டி விஜயவாடாவை விட்டு நகர்ந்து வாரங்கல், காசிப்பேட்டை வழியாகத் தெலங்கானா மேட்டுநிலத்தில் ஏறும்போது, கரையோர ஆந்திரத்தின் கருமண் வயல்கள் போய், வட்டவட்டமான பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்ததுபோல் நிற்கும் தக்காணத்தின் நிலம் விடியலில் தென்படத் தொடங்குகிறது.

செகந்திராபாத், பிரிட்டிஷ் படைமுகாமாகத் தொடங்கி ஐதராபாத்தோடு ஒட்டி வளர்ந்த இரட்டை நகரம். 1962 ஏப்ரல் 7 அன்று பிறந்த வர்மா இங்குள்ள செயின்ட் மேரிஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வகுப்புகளைத் தவிர்த்துவிட்டுத் திரையரங்குகளுக்குச் சென்றவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் தவறாமல் கூறுகின்றன. அக்காலத்தில் இரட்டை நகரங்களின் அரங்குகளில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் படங்களும் அக்கம்பக்கமாக ஓடின. தெலுங்குப் படங்களை மட்டும் பார்த்து வளரும் வாய்ப்பு கரையோர நகரங்களில் இருந்தவர்களுக்கு இருந்ததுபோல் இங்கிருந்தவர்களுக்கு இல்லை. தெருவில் தெலுங்கும், கடையில் தக்கினி உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் பேசிப் பழகிய ஓர் இளைஞர் பின்னாளில் பம்பாய்க்குச் சென்று இந்தியில் படமெடுத்தபோது அயலவராகத் தடுமாறாததற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

செகந்திராபாத் நிலையத்தின் அருகிலிருந்தே மெட்ரோ ரயிலின் நீலத் தடம் கிடைக்கிறது. பேரடைஸ், பேகம்பேட்டை என்ற நிலையங்களைக் கடந்து, 2017 நவம்பரில் தொடங்கப்பட்ட அந்தத் தடத்தில் அமீர்பேட்டையில் இறங்கும் பயணிக்கு முதலில் தென்படுவது கூட்டம். சிவப்புத் தடமும் நீலத் தடமும் ஒன்றையொன்று கடக்கும் நிலையம் அது. படியிறங்கிக் கீழே வந்தால் சுவர் முழுவதும் கணினி மொழிகளின் பெயர்கள் அச்சிட்ட பலகைகளும், கையில் துண்டறிக்கை திணிக்கும் இளைஞர்களும், மாடி மாடியாக ஏறும் மென்பொருள் பயிற்சி மையங்களும் நிறைந்திருக்கின்றன. வேலை தேடி ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் சில மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற்றுச் செல்லும் இந்தப் பகுதியில்தான், 1980களின் நடுப்பகுதியில், வர்மா ஒரு வீடியோ கடை வைத்திருந்தார்.

அந்தக் கடைக்கு அவர் வந்த வழியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பொறியியல் பட்டத்துக்குப் பின் அவருக்குக் கிடைத்த வேலை, பஞ்சாரா ஹில்ஸ் முதலாம் எண் சாலையில் எழுந்துகொண்டிருந்த கிருஷ்ணா ஒபராய் நட்சத்திர விடுதியின் கட்டுமானத் தளத்தில் பொறியாளர் வேலை. அந்த விடுதி இன்று தாஜ் கிருஷ்ணா என்ற பெயரில், அமீர்பேட்டைக்கு அடுத்த பஞ்சகுட்டாவிலிருந்து எளிதில் சென்றடையும் தொலைவில் நிற்கிறது. தளப் பொறியாளர் என்பவர் வரைபடம் தீட்டுபவர் அல்லர். எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை ஆட்கள் வந்தனர், மேஸ்திரி யாரை எங்கே நிறுத்தினார், ஒப்பந்தக்காரருக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் இடையில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதை நாள்தோறும் வெயிலில் நின்று கணக்கெடுப்பவர். அந்தச் சம்பளத்தில் திரையுலகக் கனவை நிறைவேற்ற வழியில்லை என்று கண்டு, பொருள் சேர்ப்பதற்காக நைஜீரியாவுக்கு வேலைக்குச் செல்ல முடிவெடுத்திருந்த வேளையில், நகரத்தில் ஒரு வீடியோ லைப்ரரிக்குச் சென்ற வர்மா அந்தத் தொழிலையே தாமும் செய்யலாம் என்று மனம் மாறி, பயணத்தைக் கைவிட்டு, அமீர்பேட்டையில் சொந்தமாகக் கடை திறந்தார்.

வீடியோ லைப்ரரி என்பதை இன்றைய இளம் வாசகருக்கு விளக்கியே ஆக வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது, காந்த நாடாவில் பதிந்த படத்தை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் வீடியோ கேசட் கருவியும் உடன் பரவியது. கேசட்டுகளை நாள் வாடகைக்குக் கொடுக்கும் சிறு கடைகள் ஊர்தோறும் முளைத்தன. இவற்றில் பல கேசட்டுகள் திருட்டுப் பிரதிகளாக இருந்ததால் திரைத்துறையினர் அந்தக் கடைகளைப் பகையாகவே பார்த்தனர். எனினும் திரைப்படக் கல்விக்கு அவை செய்த உதவியை மறுக்க முடியாது. திரையரங்கில் ஒரு காட்சி ஓடிவிட்டால் ஓடியதுதான். கேசட்டில் அதே காட்சியை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, வெட்டு எங்கே விழுகிறது, கேமரா எந்த நொடியில் நகர்கிறது, ஒலி எங்கே நின்றுபோகிறது என்று பத்து முறை பார்க்கலாம். சென்னையில் தரமணியிலும் மகாராஷ்டிரத்தில் பூனாவிலும் இருந்த திரைப்படக் கல்லூரிகளுக்கு நிகராக ஐதராபாத்தில் அப்போது எதுவும் இல்லை. ‘காட்ஃபாதர்’ போன்ற அமெரிக்கக் குற்றப் படங்களின் இலக்கணத்தை வர்மா கற்றுக்கொண்ட வகுப்பறை அந்த வாடகைக் கடைதான். கடைக்கு வந்துபோன திரைத்துறையினரின் அறிமுகமும் அங்கேயே கிடைத்தது. இன்று அமீர்பேட்டையில் அந்தக் கடையை நினைவூட்டும் பலகை ஏதும் இல்லை. அது இருந்த காலத்துத் தெருவின் உருவமே மெட்ரோ தூண்களின் அடியில் மறைந்துவிட்டது.

அமீர்பேட்டைக்குத் திரைப்படத்தோடு இன்னோர் உறவும் உண்டு. ஐதராபாத்தின் முதல் படப்பிடிப்பு நிலையமான சாரதி ஸ்டுடியோ 1950களில் அமைந்தது இப்பகுதியில்தான். 1959இல் வெளிவந்த ‘மா இண்ட்டி மகாலட்சுமி’ முழுவதும் ஐதராபாத்திலேயே எடுக்கப்பட்ட முதல் தெலுங்குப் படமாகக் கருதப்படுகிறது. அதுவரையிலும், அதற்குப் பின் நெடுங்காலமும், தெலுங்குத் திரையுலகின் தலைநகர் சென்னைதான். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் தெலுங்குப் படங்கள் எடுக்கப்பட்டன, தெலுங்கு நடிகர்கள் தியாகராய நகரில் குடியிருந்தனர். 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவாகி ஐதராபாத் தலைநகரானபின் அந்தத் தொழில் வடக்கே நகர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த நகர்வைத் தம் வாழ்விலேயே நிகழ்த்திக் காட்டியவர் நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். சென்னையை விட்டு ஐதராபாத்தில் குடியேறிய அவர், 1970களின் நடுவில், அன்று நகரத்துக்கு வெளியே வெறும் பாறையும் புதருமாகக் கிடந்த பஞ்சாரா ஹில்ஸில் 22 ஏக்கர் நிலத்தில் அன்னபூர்ணா ஸ்டுடியோவை எழுப்பினார்.

அமீர்பேட்டையிலிருந்து நீலத் தடத்தில் மேற்கே சென்றால் யூசுப்குடா நிலையம் வருகிறது. அதன் அருகிலுள்ள கிருஷ்ணா நகர், தெலுங்குத் திரையுலகின் உடலுழைப்பாளர்கள் வாழும் பகுதி. துணை நடிகர்கள், விளக்குப் பணியாளர்கள், சண்டைக் கலைஞர்கள், வேலை கிடைக்கும் என்று கிராமத்திலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய இளைஞர்கள் ஆகியோரின் நெருக்கமான வாடகை அறைகள் நிறைந்த அந்தச் சந்துகளிலிருந்து மேட்டில் ஏறினால், மரங்கள் அடர்ந்த மாளிகைகளும் மதில்களும் நிறைந்த ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் தொடங்கிவிடுகின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே நடந்து ஏறிவிடக்கூடிய தொலைவே இருந்தாலும், அதை ஏறிக் கடந்தவர்கள் மிகச் சிலர். உழைப்பவர், ஆட்களைத் திரட்டித் தருபவர், முதலீடு செய்பவர், திரையில் தெரிபவர் என்ற அதே படிநிலை இங்கும் கண்முன் நிற்கிறது. வர்மாவின் படங்களில் தாதாக்களைவிட அவர்களுக்குத் தேநீர் வாங்கிவரும் ஆட்களும், காரோட்டிகளும், சொல்லப்பட்ட இடத்தில் மணிக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கும் அடியாட்களும் உயிரோடு விளங்குவதன் பின்புலம் இத்தகைய தெருக்களில் இருக்கிறது.

அன்னபூர்ணா ஸ்டுடியோ ஒரு பாறைச் சரிவில் அமைந்திருக்கிறது. வெளியாருக்கு அனுமதியின்றி உள்ளே செல்ல வழியில்லை என்றாலும் அதன் வாயிலும் மதிலும் சாலையிலிருந்தே காணக்கூடியவை. வர்மாவின் தந்தை கிருஷ்ணம் ராஜு இங்கே ஒலிப்பொறியாளராகப் பணியாற்றியவர். ஒலிப்பொறியாளர் என்பவர் உரையாடல், பின்னணி இசை, காலடி முதல் கதவு சாத்துவது வரையிலான சூழல் ஒலிகள் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து கலப்பவர். தெலுங்குப் படங்களின் சண்டைக் காட்சிகளில் அடி விழும் ஓசையும் இசையும் இடைவிடாமல் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், அடி விழுவதற்கு முந்தைய அமைதிதான் அச்சத்தைத் தரும் என்பதை வர்மா அறிந்திருந்ததை அந்த வீட்டுச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. ‘கலெக்டர் காரி அப்பாயி’, ‘ராவுகாரி இல்லு’ ஆகிய படங்களில் உதவியாளராகச் சிறிது காலம் இருந்தபின், ஸ்டுடியோவை நிறுவிய அக்கினேனியின் குடும்பத்தைச் சேர்ந்த நாகார்ஜுனாவை நாயகனாகக் கொண்டு, அதே நிறுவனத்தின் தயாரிப்பில், ‘சிவா’வை இயக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அந்தப் படத்தில் நாயகன் சண்டைக்குப் பயன்படுத்துவது தன் சைக்கிளின் சங்கிலியை. அவன் அதைக் கையால் இழுத்து அறுத்தெடுக்கும் காட்சிக்குப் பின் ஆந்திரக் கல்லூரிகளில் சைக்கிள் சங்கிலி ஓர் அடையாளமாகவே மாறிவிட்டது. இங்கே ஒரு கவலையையும் பதிவு செய்ய வேண்டும்: வன்முறை எப்படி ஒரு மாணவனின் வாழ்வை விழுங்குகிறது என்று காட்ட முயன்ற படம், அந்த வன்முறையின் கருவியையே இளைஞர்களுக்குக் கவர்ச்சிப் பொருளாக்கியது. இந்த முரண்பாடு வர்மாவின் படங்களை இறுதிவரை விடவில்லை.

ஒளிப்பதிவாளர் எஸ்.கோபால் ரெட்டி இந்தப் படத்தில் ஸ்டெடிகாம் என்ற கருவியைப் பயன்படுத்தினார். கேமராவை ஒளிப்பதிவாளரின் உடலில் அணிவிக்கும் கவசத்தோடு சுருள்வில் பொருத்திய ஒரு கரத்தால் இணைத்து, அவர் ஓடினாலும் படியேறினாலும் படம் குலுங்காமல் வழுக்கிச் செல்லும்படி அமைத்த கருவி அது. அமெரிக்காவில் 1970களில் உருவாகி, தெலுங்கில் அப்போது மிகப் புதிதாக இருந்தது. வில்லனின் காரிலிருந்து தப்பிக்கச் சிறுமியொருத்தியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாயகன் சந்துகளில் விரையும் காட்சியில், துரத்தலின் மூச்சிரைப்பைப் பார்ப்பவரும் உணர்வதற்கு இந்த இயக்கம் உதவியது.

தமிழ் வாசகருக்கு இந்தப் படத்தில் நெருக்கமான இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று இளையராஜா, அவருடைய பின்னணி இசை, பல இடங்களில் ஒதுங்கி நின்று காலடி ஓசைக்கும் வண்டிகளின் இரைச்சலுக்கும் வழிவிட்டு, பிறகு திடீரென மேலெழுந்து படத்துக்கு முதுகெலும்பாகிறது. மற்றொன்று ரகுவரன். தரமணித் திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயின்ற அவர், பவானி என்ற தாதாவாகக் குரலை உயர்த்தாமல், கண்ணை அகல விரிக்காமல், ஒரு நிறுவனத்தின் மேலாளர் கோப்புகளைப் பார்ப்பதுபோல் கொலைகளை ஏவுகிறார். அலங்கார மாளிகையும் உரத்த சிரிப்பும் கொண்ட வில்லன்களைப் பார்த்துப் பழகிய தெலுங்குத் திரைக்கு அது முற்றிலும் புதிது. மாணவ ரவுடியாக நடித்த சக்ரவர்த்திக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரான ஜே.டி. வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. தமிழில் இந்தப் படம் ‘உதயம்’ என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டு வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

‘சிவா’வுக்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளில் வர்மா ஐதராபாத்தில் இருந்துகொண்டு செய்தவை பல வகைப்பட்டவை. வெங்கடேஷும் ஸ்ரீதேவியும் நடித்த ‘க்ஷண க்ஷணம்’ 1991இல் வந்த துள்ளலான துரத்தல் கதை, ‘ராத்திரி’ பேய்ப்படம், ‘அந்தம்’ கூலிக்கொலையாளியைப் பற்றியது, மணிரத்னத்தின் பங்களிப்போடு 1993இல் வந்த ‘காயம்’ மீண்டும் விஜயவாடாவின் குழுப்பகையை நினைவூட்டுவது. அதே ஆண்டில் மணிரத்னத்தின் ‘திருடா திருடா’ திரைக்கதையில் வர்மாவும் பங்கேற்றார். கிருஷ்ண வம்சி, தேஜா, பூரி ஜெகந்நாத் என்று பிற்காலத் தெலுங்குத் திரையில் பெயர் பெற்ற பலர் அவரிடம் வேலை செய்து கற்றவர்கள். 1995இல் ‘ரங்கீலா’வோடு அவர் பம்பாய்க்குப் பெயர்ந்தார், ஏ.ஆர்.ரகுமான் இந்திப் படமொன்றுக்கென்றே நேரடியாக இசையமைத்த முதல் படமும் அதுதான்.

‘சத்யா’ உருவான விதம் குறித்து வர்மா பலமுறை கூறியுள்ள ஒரு செய்தி, ஐதராபாத்தின் கட்டுமானத் தளத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறது. 1997 ஆகஸ்டு 12 அன்று இசை கேசட் நிறுவன உரிமையாளர் குல்ஷன் குமார் பம்பாயில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார், யாரைச் சந்திப்பதாக இருந்தார் என்றெல்லாம் பலரும் பேசிக்கொண்டிருக்க, வர்மாவின் மனத்தில் எழுந்த கேள்வி, கொன்றவன் அன்று எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், புறப்படும் முன் சாப்பிட்டிருப்பானா என்பது. ஆட்களின் வருகையையும் வேலை நேரத்தையும் கணக்கிட்ட ஒருவரிடமிருந்து இயல்பாகப் பிறக்கக்கூடிய கேள்வி அது. அதன் விளைவாக ‘சத்யா’வில் குற்றம் ஒரு பணியிடமாகவே காட்டப்படுகிறது. ‘ஹஃப்தா’, அதாவது கடைக்காரரும் கட்டட அதிபரும் வாரந்தோறும் கும்பலுக்குச் செலுத்த வேண்டிய பணம். ‘சுபாரி’, பாக்கைக் குறிக்கும் சொல்லாக இருந்து கூலிக்கொலை ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது. இவை அந்தப் படத்தில் மளிகைக் கணக்குபோல் சாதாரணமாகப் பேசப்படுகின்றன. சௌரப் சுக்லாவும் அப்போது புதியவரான அனுராக் காஷ்யப்பும் எழுதிய அந்தப் படத்தில், மனோஜ் பாஜ்பாயி ஏற்ற பீக்கு மாத்ரே மனைவியோடு சண்டையிடுகிறான், நண்பர்களோடு குடிக்கிறான், மறுநாள் கொலைக்குப் போகிறான். அவருக்குத் துணை நடிப்புக்கான தேசிய விருது கிடைத்தது. நாயகன் சத்யாவாக நடித்தவர் அதே ஐதராபாத்தின் ஜே.டி. சக்ரவர்த்தி, எங்கிருந்து வந்தவன் என்று படம் கடைசிவரை சொல்லாத அந்த இளைஞன், பம்பாய் ரயிலடியில் வந்திறங்கும்போது, ‘சிவா’வின் கல்லூரியிலிருந்து நேரே வந்தவன்போலவே தோன்றுகிறான்.

‘கம்பெனி’யில் இந்தப் பார்வை தலைப்பிலேயே அமர்ந்துவிட்டது. பம்பாய்க் கும்பல்கள் தங்கள் அமைப்பைக் குறிக்க வழங்கிய சொல்லே அது. லாபம், பங்கு, பிரிவினை, போட்டி நிறுவனம் என்று ஒரு வணிகத்தின் வாழ்வும் சாவுமாகக் கதை நகர்கிறது. வர்மாவின் படங்களிலேயே கட்டுக்கோப்பில் மிக உயர்ந்தது இதுவே என்று கூறலாம். அவர் தயாரித்த பிற இயக்குநர்களின் படங்களும், குறிப்பாக 1999இன் ‘ஷூல்’, 2004இன் ‘அப் தக் சப்பன்’, ‘ஏக் ஹசீனா தீ’ ஆகியவை, இந்திக் குற்றப் படத்துக்கு ஒரு முழுத் தலைமுறையை உருவாக்கித் தந்தன. 2005இன் ‘சர்க்கார்’ அமிதாப் பச்சனின் முகத்தில் ‘காட்ஃபாதர்’ கதையை ஏற்றியது. அதில் கம்பீரம் உண்டு, ஆனால் தெரு இல்லை. சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது.

அதன்பின் வந்தவற்றை விரிவாகப் பேச வேண்டியதில்லை. ‘ஷோலே’யை மீண்டும் எடுக்க முயன்ற 2007ஆம் ஆண்டுப் படம் பெருந்தோல்வி கண்டது. ராயலசீமையின் ‘ஃபேக்ஷன்’, அதாவது ஊர்த்தலைவர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தும் பழிக்குப்பழிப் பகை, பற்றிய ‘ரக்த சரித்ரா’வில் (2010) சூர்யாவின் நடிப்பு உட்படச் சில வலுவான பகுதிகள் இருந்தன. 2016இல் ‘வங்கவீட்டி’ வழியாக அவர் விஜயவாடாவுக்கே திரும்பினார். ஆனால் ‘சிவா’வில் பெயர் சொல்லாமல் காட்டியபோது இருந்த கனம், உண்மைப் பெயர்களோடு காட்டியபோது இல்லை. அண்மைக்காலக் கொலைகளையும், உயிரோடு இருக்கும் மனிதரின் துயரங்களையும் சூடு ஆறுமுன் படமாக்கும் போக்கு அவரிடம் வளர்ந்தது. 2008 பம்பாய்த் தாக்குதலுக்குப் பின் மகாராஷ்டிர முதலமைச்சரோடு அந்நகரின் தாஜ் விடுதிக்குள் அவர் சென்றது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தும், 2013இல் அதே தாக்குதலைப் படமாக்கினார். ஒரு கும்பலின் தினசரி வாழ்வைப் பொறுமையாகக் கவனித்த கண், செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் கவனிக்கும் கண்ணாக மாறியதே இந்தச் சரிவின் காரணம். 2025 ஜனவரியில் ‘சத்யா’ மீண்டும் திரைக்கு வந்தபோது அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகவும், வெற்றியின் மயக்கத்தில் தம் தரத்தைத் தாமே கைவிட்டதாகவும் வர்மா வெளிப்படையாக எழுதினார். அந்த ஒப்புதலில் பாசாங்கு தெரியவில்லை.

பயணத்தின் இறுதியில் ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸுக்குச் செல்வது பொருத்தமாக இருக்கும். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அமைந்த அந்தச் சந்திப்பைச் சுற்றிச் சந்தியா, தேவி, சுதர்சன் ஆகிய ஒற்றைத்திரை அரங்குகள் நிற்கின்றன. பெரிய நாயகரின் படம் வெளியாகும் நாளில் அந்தச் சாலையில் நடக்க இடமிருக்காது. அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் உஸ்மானியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1972 ஏப்ரல் 14 அன்று மாணவர் தலைவர் ஜார்ஜ் ரெட்டி கொல்லப்பட்டது அதன் வளாகத்தில்தான். விஜயவாடாவில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்திருக்கிறது என்பதால், ‘சிவா’வின் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்வது கடினம்.

அந்தப் படம் 2025 நவம்பர் 14 அன்று புதுப்பிக்கப்பட்ட படத்தோடும் ஒலியோடும் மீண்டும் வெளியிடப்பட்டது. ஓர் இயக்குநரின் முதல் படத்தை முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதன் தயாரிப்பு நிறுவனமே செப்பனிட்டுத் தருவது தென்னிந்தியாவில் அரிதாகவே நடக்கிறது. அக்காலத்துப் பிற படங்களின் மூலப் படச்சுருள்களுக்கும் ஒலிச்சுருள்களுக்கும், அமீர்பேட்டை போன்ற இடங்களின் வீடியோ கடைகளிலிருந்து எஞ்சிய கேசட்டுகளுக்கும் இந்தக் கவனிப்பு கிடைக்க வேண்டும். அன்னபூர்ணா ஸ்டுடியோ வளாகத்திலேயே இப்போது ஒரு திரைப்படக் கல்லூரி இயங்குகிறது. அந்த மாணவர்கள் அந்தக் கடைகளின் வரலாற்றை, அவற்றை நடத்தியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, திரட்ட வேண்டும். ‘உதயம்’ என்ற பெயரில் ‘சிவா’வைப் பார்த்த தமிழ் வாசகர்கள், இயன்றால் தெலுங்கு மூலத்திலேயே, நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில், ரகுவரன் பேசாமல் இருக்கும் இடங்களில் என்னென்ன கேட்கின்றன என்று கவனித்தபடி, இன்னொரு முறை பார்க்க வேண்டும்.